முதல் ஓப்பல் கச்சாக் கல்: கூபர் பீடியா, வெலோவா, லைட்னிங் ரிட்ஜா?

ஓப்பல் என்ற, பல நிறங்களில் மின்னும் ரத்தினக் கல்லை வெட்டிப் பழக ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் முதலில் விசாரிப்பது இயந்திரத்தைப் பற்றித்தான். அது இரண்டாவது கேள்வி. எந்தக் கச்சாக் கல்லை வாங்குவது என்பதே முதல் கேள்வி. போட்ட பணம் தேறுமா, சேறாகக் கரைந்து வடிகாலில் போகுமா என்பது அங்கேதான் முடிவாகிறது. இன்று இணையத்தில் தேடினால் நான்கு பெயர்கள் திரும்பத் திரும்ப எதிர்ப்படும்: தென் ஆஸ்திரேலியாவின் கூபர் பீடி, நியூ சவுத் வேல்ஸின் லைட்னிங் ரிட்ஜ், குயின்ஸ்லாந்தின் போல்டர் ஓப்பல், எத்தியோப்பியாவின் வெலோ. மெக்சிகோவின் நெருப்பு ஓப்பலும் உண்டு. அதைப் பெரும்பாலும் பட்டை தீட்டுகிறவர்கள்தான் தேடுவார்கள் என்பதால் இங்கே விட்டுவிடுகிறேன்.

விலையை மட்டும் வைத்து இந்த நான்கையும் ஒப்பிடுவதில் பயனில்லை. ஒரே வயலில், ஒரே குழியில் எடுத்த இரண்டு கற்களில் ஒன்று குப்பைக்குப் போகும், இன்னொன்று வீடு வாங்கித் தரும். நான் வைத்துக்கொள்ளும் அளவுகோல் வேறு. வாங்கும்போது அந்தக் கல் தன் குறையை எவ்வளவு காட்டுகிறது? காட்டாமல் மறைப்பதை எப்போது காட்டும்: முதல் சாணையிலா, மெருகேற்றி முடித்த பிறகா, மோதிரத்தில் பதித்துக் கொடுத்த பிறகா? குறை முன்கூட்டியே தெரிகிற கல், சற்றே மங்கலாக இருந்தாலும், கற்கிறவனுக்கு நல்ல கல்.

கல்லின் குணத்தைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால் இது விளங்கும். ஓப்பல் வைரத்தையும் நீலக்கல்லையும் போலப் படிகம் இல்லை. சிலிக்காவும் நீரும் சேர்ந்து உறைந்த பொருள். நீரின் அளவு பொதுவாக 6 முதல் 10 சதவீதம், சில கற்களில் 20 சதவீதத்தைத் தொடும். கற்களின் கடினத்தை 1 முதல் 10 வரை மதிப்பிடும் மோஸ் அளவில் இது 5.5 முதல் 6.5 வரை. தெருப்புழுதியில் இருக்கும் குவார்ட்ஸ் 7 என்பதால், புழுதி படிந்த துணியால் அழுத்தித் துடைத்தாலே கீறல் விழும். கல்லைத் திருப்பத் திருப்ப நிறங்கள் மாறி மின்னும் வர்ணஜாலம் எங்கிருந்து வருகிறது என்பதை 1964இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் கண்டார்கள். கண்ணுக்குத் தெரியாத சிலிக்கா உருண்டைகள் ஒரே அளவில், வரிசை குலையாமல் அடுக்கப்பட்டிருந்தால் ஒளி சிதறி நிறமாகிறது. அடுக்கு ஒழுங்கில்லாவிட்டால் நிறமில்லாத வெறும் ஓப்பல்தான். சுரங்கக்காரர்கள் அதை 'பாட்ச்' என்பார்கள். வெட்டுகிறவனுக்கு இதிலிருந்து கிடைப்பவை இரண்டு: நிறத்துக்குத் திசை உண்டு, அதனால் எந்தப் பக்கத்தை முகமாக வைக்கிறோம் என்பதே பாதி வேலை. உள்ளே நீர் இருப்பதால் கல்லுக்குச் சூடு ஒத்துக்கொள்ளாது.

என் பரிந்துரையை இப்போதே சொல்லிவிடுகிறேன்: முதல் கல் கூபர் பீடியாக இருக்கட்டும். அதிலும் உயர்ரகம் வேண்டாம், பாட்ச்சும் நிறமும் கலந்த மலிவான ரகம் போதும்.

கூபர் பீடியில் ஓப்பல் கிடைத்தது 1915 பிப்ரவரியில். தங்கம் தேடி வந்த குழுவோடு இருந்த வில்லி ஹட்சிசன் என்ற பதினான்கு வயதுச் சிறுவன் கண்ணில் அது பட்டது. வெயிலுக்கு அஞ்சி மக்கள் நிலத்தடியில் வீடு குடைந்து வாழும் ஊர் என்று பலரும் கேள்விப்பட்டிருப்பார்கள். அங்கே ஓப்பல் பெரும்பாலும் பாறை வெடிப்புகளில் தகடுபோலப் படிந்திருக்கிறது. உடைத்தெடுத்த துண்டைப் பக்கவாட்டில் பிடித்தால், மேலும் கீழும் பாட்ச், நடுவே நிறப்பட்டை என்று அடுக்கு தெளிவாகத் தெரியும். பட்டை எத்தனை மில்லிமீட்டர், நேராக ஓடுகிறதா, நடுவில் வளைகிறதா என்பதைக் கண்ணாலேயே அளந்துவிடலாம். ஓப்பலைப் பொறுத்தவரை இது பெரிய சலுகை.

குறை இல்லாமல் இல்லை. நிறப்பட்டைக்குள் மணல் புகுந்திருக்கும். வெளியே ஊசிமுனை அளவு தெரிகிற மணல் உள்ளே கிளை பரப்பியிருந்தால், அதைத் துரத்திக்கொண்டே போய்க் கல் மறைந்துவிடும். விரிசலும் உண்டு. கல்லை நனைத்து, வலுவான விளக்கின் முன்னே மெல்லத் திருப்பினால், வெள்ளிக் கம்பிபோல ஒரு கோடு மின்னி மறையும், அதுதான் விரிசல். ஆனால் இவையெல்லாம் பெரும்பாலும் முதல் அரை மணி நேரத்திலேயே, கரடு சாணையிலேயே வெளிவந்துவிடும். மூன்று நாள் மெருகேற்றிய பிறகு முதுகில் குத்துகிற வழக்கம் இந்தக் கல்லுக்குக் குறைவு. உடல் நிறம் வெளிர். வெள்ளை ஓப்பல் என்று சற்று இளக்காரமாகச் சொல்வார்கள். 1956இல் இங்கே கிடைத்து, அவ்வாண்டு மெல்போர்னில் நடந்த ஒலிம்பிக்கின் நினைவாக 'ஒலிம்பிக் ஆஸ்திராலிஸ்' என்று பெயர் வைக்கப்பட்ட கல் சுமார் 17,000 காரட். அது இன்றுவரை வெட்டப்படவில்லை. அவ்வளவு பெரிய கல்லின்மேல் சாணையை வைக்க யாருக்கும் மனம் வரவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

அனுபவமுள்ள பலர் என்னோடு இங்கே முரண்படுவார்கள். முதல் கல்லுக்கு வெலோதான் என்பது அவர்கள் கட்சி. அவர்கள் வாதம் வலுவானது, அதனால் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

எத்தியோப்பியாவில் 1990களில் ஷேவா மாகாணத்தில் சாக்லேட் நிற உருண்டைகளாக ஓப்பல் கிடைத்தது. வெட்டிய பிறகு பல கற்கள் விரிசல் விட்டு, அந்த நாட்டுக் கல்லென்றாலே ஒதுங்குகிற பெயரை அவை தேடித் தந்தன. 2008இல் வடக்கே வெலோ பகுதியில், வெகல் தேனா என்ற ஊருக்கு அருகில், மலைச்சரிவின் எரிமலைப் பாறை அடுக்கில் வேறு வகைக் கல் கிடைத்தது. அதுதான் இன்றைய வெலோ. கண்ணாடிபோல ஒளி ஊடுருவும் உடல், முழுக் கல்லிலும் நிறம், சில கற்களில் தேனடை போன்ற அறுகோண அடுக்கு. அதே அளவு மின்னும் ஆஸ்திரேலியக் கல்லின் விலையில் ஒரு சிறு பகுதிக்கு வாங்கலாம். ஜெய்ப்பூரில் சாணை பிடிக்கும் பட்டறைகளுக்கு இது பெரிய அளவில் வந்து சேர்ந்ததால், இந்தியாவிலிருந்து வாங்குகிறவருக்குக் கைக்கெட்டும் கல்லும் இதுவே. உறுதியிலும் சோடையில்லை. 2010இல் வெளிவந்த ஆய்வு ஒன்றில், ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து கான்கிரீட் தரையில் விழவிட்டும் சோதித்த கற்கள் உடையவில்லை. நிறப்பட்டையைத் தேடும் தொல்லையும் கிடையாது. எந்தப் பக்கம் தேய்த்தாலும் நிறம்.

பிறகென்ன தயக்கம் என்றால், நீர். வெலோ ஓப்பலில் பெரும்பாலானவை நுண்துளை நிறைந்தவை, நீரைக் குடிக்கும். குடித்தால் எடை கூடும். பத்து சதவீதத்துக்கும் மேல் ஏறுகிற கற்கள் உண்டு. கூடவே உடல் தெளிந்து, வர்ணஜாலம் மங்கும் அல்லது அடியோடு மறையும். காய்ந்தால் திரும்பி வரும். அதற்குச் சில மணி நேரமும் ஆகலாம், சில வாரங்களும் ஆகலாம். இதிலிருந்து மூன்று சங்கடங்கள் பிறக்கின்றன. ஒன்று, எடைக்கு விற்கும் கல்லை ஈரமாக நிறுத்தால் நீருக்கும் சேர்த்துக் காசு கொடுக்கிறோம். இரண்டு, சாணைக்கு நீர் தேவை. அந்த நீரே கல்லின் நிறத்தைக் கண்ணிலிருந்து மறைப்பதால், எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரியாமல் தேய்க்க வேண்டியிருக்கிறது. மூன்றாவதுதான் உண்மையான ஆபத்து. வெளித்தோல் நனைந்து உட்பக்கம் காய்ந்திருக்கும்போதும், அதற்கு மாறாக இருக்கும்போதும் கல்லுக்குள் இழுவை உண்டாகிறது. மெருகேற்றி, அழகு பார்த்து, துணியில் வைத்துவிட்டுத் தூங்கப் போன கல் காலையில் சிலந்தி வலையாக இருக்கும்.

இதைத் தவிர்க்க இரண்டு வழிகள் இருக்கின்றன. கல்லை முழுவதும் ஊறவைத்து, எடை இனி ஏறாது என்ற நிலைக்கு வந்த பிறகு நீரிலேயே வெட்டி, பிறகு காகிதத்தில் சுற்றி, காற்று புகாத பையில் வைத்து மெல்ல மெல்ல உலரவிடுவது ஒன்று. நீரே படாமல், அல்லது துளித்துளியாகத் தெளித்து, சூடேறாதபடி விட்டு விட்டுத் தேய்ப்பது மற்றது. நான் முதல் வழியின் பக்கம். இரண்டாவது வழியில் நிறம் கண்முன் இருக்கும் என்பது உண்மைதான். ஆனால் உலர் சிலிக்காத் தூசி அறையை நிறைக்கும். ஊறவைக்கும் வழிக்கு இன்னொரு பலனும் உண்டு: விரிகிற சுபாவமுள்ள கல், ஊறி உலரும் முதல் சுற்றிலேயே பெரும்பாலும் விரிந்துவிடும். சாணை பிடிப்பதற்கு முன்பே, வாங்கிய கற்களை எல்லாம் ஒருமுறை ஊறவைத்து உலர்த்தி, பிழைத்தவற்றை மட்டும் வெட்டுவது புத்திசாலித்தனம். அப்படிச் செய்தால் வெலோவும் தன் குறையை முன்கூட்டியே காட்டுகிற கல்லாகிவிடுகிறது. பொறுமை மட்டும் வேண்டும். முதல் கல்லை வாங்கிய ஆளிடம் பொறுமை இருக்காது என்பதுதான் என் ஆட்சேபம்.

வெலோவின் குடிக்கும் குணம் நம் ஊர் வாசகர்களுக்கு ஒரு தனிச் சிக்கல். சுக்கிரனுக்கு வைரம் வாங்க இயலாதவர்களுக்கு ஓப்பல் மோதிரத்தைச் சோதிடர்கள் சொல்வது வழக்கம். அணிவதற்கு முன் பாலில் கழுவச் சொல்வார்கள், சிலர் மஞ்சள் நீரும் சேர்ப்பார்கள். நீர் குடிக்கும் கல் பாலையும் குடிக்கும், மஞ்சளையும் குடிக்கும். தலையில் தேய்க்கும் எண்ணெய், சமையலறைக் குழம்பு என்று விரலில் இருக்கிற மோதிரம் சந்திக்காதது எது? இந்தத் தேவைக்குக் கல் வெட்டிக் கொடுப்பதாக இருந்தால் ஆஸ்திரேலியக் கல்லே பாதுகாப்பு. வெலோவைக் காதணிக்கும் பதக்கத்துக்கும் வைத்துக்கொள்ளலாம். இதே காரணத்தால்தான் வெலோவுக்குச் சாயமேற்றுவதும் புகையூட்டிக் கறுப்பாக்குவதும் எளிது. 'கறுப்பு எத்தியோப்பிய ஓப்பல்' என்று மலிவாக வந்தால், பெரும்பாலும் அப்படித்தான்.

இயற்கையான கறுப்புக்குப் பெயர்போன ஊர் லைட்னிங் ரிட்ஜ். அங்கே கல் 'நாபி' என்ற உருண்டைகளாகக் களிமண்ணுக்குள் கிடக்கிறது. பழைய கான்கிரீட் கலவை லாரிகளின் தொட்டிகளில் மண்ணைப் போட்டு, நாள்கணக்கில் நீர் விட்டுச் சுழற்றிக் கழுவி எடுக்கிறார்கள். கறுப்பு ஓப்பலின் உடல் நிறத்தை என்1 முதல் என்9 வரை அளப்பார்கள். என்1 முதல் என்4 வரை கறுப்பு. கறுப்புப் பாட்ச்சின் மேல் மெல்லிய நிறப்பட்டை படிந்த கல்லில் சிவப்பும் பச்சையும் எரிகிற விதத்தைப் பார்த்தவர்கள் மற்ற ஓப்பலை ஓப்பல் என்றே மதிக்க மாட்டார்கள்.

ஆனால் யோசித்துப் பாருங்கள். சுரங்கக்காரர் எடுக்கிறார், கழுவுகிறார், நுனியைக் கிள்ளி நிறம் பார்க்கிறார், கொஞ்சம் தேய்த்தும் பார்க்கிறார். அவருக்கே வெட்டத் தெரியும். தெரியாவிட்டாலும் பக்கத்துத் தெருவில் வெட்டுகிறவர் இருக்கிறார். இத்தனை கண்களையும் தாண்டி ஒரு கச்சா நாபி கடல் கடந்து உங்களிடம் வருகிறதென்றால், ஒன்று அதன் விலை அதற்கேற்ப இருக்கும், அல்லது அவர்கள் எல்லாரும் கைவிட்ட கல்லாக இருக்கும். நடுவில் ஏமாந்து தப்பி வந்த பொக்கிஷம் இருக்கவே இருக்காது என்று சொல்ல மாட்டேன். அதை நம்பி வாங்குவது லாட்டரி. தவிர, நாபியின் நிறப்பட்டை தகடுபோல நேராக ஓடாது. குவிந்தும் குழிந்தும் ஓடும். கறுப்பு ஓப்பலில் கால் மில்லிமீட்டர் கூடுதலாகத் தேய்த்தால் நிறப்பட்டையைத் துளைத்துக்கொண்டு கறுப்புப் பாட்ச் எட்டிப் பார்க்கும், கல்லின் மதிப்பு அந்த நொடியில் போய்விடும். கூபர் பீடிக் கற்களில் கை பழகி, பட்டை எங்கே முடிகிறது என்று விரல் சொல்லத் தொடங்கிய பிறகு வாங்க வேண்டிய கல் இது.

போல்டர் ஓப்பல் வேறு உலகம். குயின்ஸ்லாந்தின் விண்டன், குயில்பி பக்கங்களில் இரும்புக்கல்லின் வெடிப்புகளில் ஓப்பல் காகிதக் கனத்தில் ஓடுகிறது. அதை இரும்புக்கல்லிலிருந்து பிரிக்க முடியாது, பிரிக்கவும் தேவையில்லை. பழுப்பு இரும்புக்கல்லே பின்னணியாகி நிறத்தைத் தூக்கிக் காட்டுகிறது. கல்லுக்கு வலுவும் கொடுக்கிறது. வெடிப்பு வழியே பிளந்தால் ஒரே முகம் இரண்டாகக் கிடைக்கும். ஜோடிக் காதணிக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? வடிவம் கல் சொல்கிறபடிதான். நீள்வட்டம், வட்டம் என்று அச்சுக்குள் அடக்கினால் பாதி நிறம் போய்விடும். வைர அறுவைத் தட்டு வேண்டும், கரடு சாணை வேண்டும், இரும்புக்கல் கரைந்த செம்பழுப்புச் சேறு சட்டையிலும் சுவரிலும் படியும். இரண்டு பொருள்களின் கடினம் வேறுவேறு என்பதால் மெருகேற்றும்போது ஒன்று பள்ளமாகும், மற்றது மேடாகும். ஓவியம் வரைகிற மனம் உள்ளவர்களுக்கு நான்கில் இதுவே அதிக மகிழ்ச்சி தரும் கல் என்று நினைக்கிறேன். அளவெடுத்த மோதிரக் கூட்டில் பதிக்க நினைப்பவர்களுக்குத் தலைவலி.

கல்லை வாங்கியாயிற்று, முகத்தைத் தேய்த்துப் பார்த்தாயிற்று, நிறப்பட்டை எதிர்பார்த்ததைவிட மெலிந்திருக்கிறது. இங்கே இன்னொரு முடிவு எடுக்க வேண்டும்: முழுக்கல்லாகவே வெட்டுவதா, டப்ளெட்டாக ஒட்டுவதா? இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் பட்டை இருந்தால் யோசிக்க வேண்டாம், முழுக்கல்தான். ஒரு மில்லிமீட்டருக்குக் கீழே போய்விட்டால், நிறப்பட்டையின் அடிப்பக்கத்தைச் சமதளமாக்கி, கறுப்புப் பாட்ச்சையோ இரும்புக்கல்லையோ எப்பாக்ஸிப் பசையால் ஒட்டுவது நியாயமான வழி. பின்னணி கறுத்ததும் அதுவரை தூங்கிக்கொண்டிருந்த வெளிர் கல் விழித்துக்கொள்ளும். அதற்குமேல் குவார்ட்ஸோ கண்ணாடியோ மூடி வைத்தால் ட்ரிப்ளெட். குவார்ட்ஸ் மூடியில் எளிதில் கீறல் விழாது, ஆனால் பார்த்ததுமே கண்ணாடித்தனம் தெரியும், எனக்குப் பிடிக்காது. ஒட்டிய கல் எதுவானாலும் நீரில் ஊறினால் நாளடைவில் ஒட்டு வெளுத்து மங்கும். வெலோவை டப்ளெட்டாக்க முயலவே வேண்டாம். பசையையும் அது குடித்துவிடும். டப்ளெட்டை முழுக்கல் என்று விற்பது மோசடி. பதித்த பிறகு பக்கவாட்டு ஒட்டுக்கோடு மறைந்துவிடுவதால், வாங்குகிறவருக்கு எழுத்தில் சொல்லிவிடுவதே முறை.

எடைக் கணக்கு ஒன்றையும் சொல்ல வேண்டும். ஆஸ்திரேலியாவில் கச்சா ஓப்பலை அவுன்ஸ் கணக்கில் விற்கிறார்கள். ஒரு அவுன்ஸ் ஏறத்தாழ 28 கிராம், அதாவது 140 காரட்டுக்குச் சற்று அதிகம். அதில் கால் பங்கு வெட்டிய கல்லாகத் தேறினாலே நல்ல விளைச்சல். கச்சாவின் காரட் விலையைக் குறைந்தது நான்கால் பெருக்கி, வெட்டி முடித்த கல்லின் சந்தை விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பல நேரங்களில் வெட்டிய கல்லையே வாங்குவது மலிவு என்று தெரியவரும். இலாபத்துக்காக இறங்குகிறவர்கள் அந்த இடத்திலேயே திரும்பிவிடலாம். சாணைச் சத்தம் பிடித்தவர்கள் மேலே படிக்கலாம்.

இனி இயந்திரம். கபோஷான், அதாவது மேல்முகம் வழவழப்பாகக் குவிந்த கல், வெட்டுவதற்கான ஆறு சக்கர இயந்திரம் ஒருபுறம், கையில் பிடிக்கும் சுழல்கருவி மறுபுறம். விலையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். ஓப்பல் மென்மையான கல் என்பதால் கைக்கருவியாலேயே நல்ல கற்களை வெட்டலாம்; வளைந்த நிறப்பட்டையைப் பின்தொடர்வதற்குச் சிறிய முனை சக்கரத்தைவிட வசதி. ஆனால் அது நிமிடத்துக்குப் பல்லாயிரம் சுற்று சுற்றும், ஒரே இடத்தில் நின்றால் சூடேற்றும், சமதளத்தைச் சமதளமாகவே வைத்திருக்கப் பெரும்பாடு. மின்மோட்டாரை நீர்ப் பாத்திரத்துக்கு மேலே பிடித்து வேலை செய்வதும் உயிரோடு விளையாடுவதே. மோட்டாரைத் தூரத்தில் தொங்கவிட்டு, நெகிழும் தண்டு வழியே முனையை மட்டும் நீருக்கருகே கொண்டுவர வேண்டும். பத்துக் கல் வெட்டிப் பார்க்க நினைப்பவருக்குக் கைக்கருவி போதும். அதற்குமேல் தொடர்வது உறுதி என்றால் சக்கர இயந்திரம். அதை வாங்கினாலும் 80 கிரிட் (எண் குறையக் குறையக் கரடு கூடும்) சக்கரத்தைப் போல்டருக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். தனி ஓப்பலுக்கு அது அரக்கன். 220இல் உருவம் கொடுத்து, 600, 1200, 3000 என்று ஏறி, 14,000இல் முடித்தால் கண்ணாடிபோல மின்னும். பலர் கடைசியில் சீரியம் ஆக்சைடு என்ற மெருகுத்தூளைக் குழைத்துத் தோலில் தேய்ப்பார்கள். வெலோவுக்கு அந்தக் குழம்பு வேண்டாம், வைரத்தூளோடு நிறுத்திக்கொள்ளலாம்.

கல்லைக் குச்சியில் ஒட்டும்போது அரக்கைச் சுடச்சுட உருக்கும் பழைய முறை மற்ற கற்களுக்கு நல்லது. ஓப்பலை ஆணியின் தலையில் சூப்பர் பசையால் ஒட்டி, வேலை முடிந்ததும் அசிட்டோனில் போட்டுக் கழற்றுவதே மேல். இங்கும் வெலோ விதிவிலக்கு. பசை உள்ளே இறங்கிக் கறையாகிவிடும், அதனால் முடிந்தவரை விரலிலேயே பிடித்துத் தேய்க்க வேண்டும்.

எந்தக் கல்லானாலும் கரையும் தூள் சிலிக்கா. நுரையீரலுக்குள் போனால் சிலிகோசிஸ், அதற்கு மருந்தில்லை. ஈரமாகத் தேய்த்தாலும் சக்கரம் தெறிக்கும் திவலையில் தூள் இருக்கும் என்பதால் என்95 தரமாவது உள்ள முகமூடி கட்டாயம். மேசையில் காய்ந்த சேற்றைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் வழித்தெடுக்க வேண்டும். வெட்டி முடித்த கல்லை அன்றைக்கே பொற்கொல்லரிடம் கொடுக்க வேண்டாம். கூபர் பீடிக் கல்லைச் சில வாரங்கள், வெலோவை இரண்டு மூன்று மாதங்கள் மேசையிலேயே திறந்து வைத்திருந்து, லென்ஸில் பார்த்து, கோடு எதுவும் விழவில்லை என்று தெரிந்த பிறகு பதிக்கக் கொடுக்கலாம். பதிக்கும்போது கூட்டைப் பற்றவைக்கும் வேலை முழுவதும் கல் ஏறுவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும் என்று பொற்கொல்லரிடம் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். வைரத்தோடு பழகியவர்களுக்கு அது தானாகத் தோன்றாது.